புது பிஸ்டன், புது ரிங் போட்ட ஸ்கூட்டர்: ரன்னிங் இன் எப்படி?

#1 கடைசிவரிசை

வணக்கம் நண்பர்களே. 110 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், கியர் இல்லாத ஸ்கூட்டர். ஆயில் குடிக்க ஆரம்பித்து, பிக்கப்பும் போய்விட்டதால் இன்ஜினைப் பிரித்தாயிற்று. போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்திருந்தது. 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்குக் கடைந்து ரீபோர் போட்டு, புது பிஸ்டன், ரிங் செட், பிஸ்டன் பின், அதன் லாக், வால்வு சீல், பேக்கிங் எல்லாம் மாற்றியிருக்கிறேன். வால்வைச் சீட்டில் தேய்த்துப் பொருத்தும் லேப்பிங்கும் செய்தாயிற்று. கிராங்க் பேரிங் நன்றாக இருந்ததால் அதில் கை வைக்கவில்லை. எல்லாம் மாட்டியாயிற்று, இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

ரன்னிங் இன், அதாவது புது பாகங்கள் படியும்வரை ஓட்டும் முறை பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர், ஐடிலில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் எடு என்கிறார். இன்னொருவர் 1000 கிலோமீட்டர் வரை 40-ஐத் தாண்டாதே என்கிறார். மூன்றாமவர், முதல் நாளே ஆக்சிலேட்டரை முறுக்கினால்தான் ரிங் உட்காரும் என்கிறார். எதை நம்புவது? ஆயில் எது, எப்போது மாற்றுவது என்றும் சொல்லுங்கள்.

#2 பழையசக்கரம்

தம்பி, ரெண்டாவது ஆள் சொன்னதைக் கேளுங்க. 40-க்கு மேல போகாதீங்க, பின்னாடி ஆள் ஏத்தாதீங்க, 1000 கிலோமீட்டர் பொறுமையா ஓட்டுங்க. எத்தனையோ வண்டிக்கு இப்படித்தான் பண்ணியிருக்கோம், ஒண்ணும் ஆகலை. அவசரப்பட்டு முறுக்கினா பிஸ்டன் போர்ல சிக்கி இன்ஜின் பிடிச்சுக்கும்.

#3 ஸ்பானர்செட்

மூணு பேரும் பேசறது ஒரே ஒரு விஷயத்தைப் பத்தித்தான்: ரிங். மத்ததெல்லாம் பக்கவாத்தியம். பால் பேரிங், ரோலர் பேரிங்குக்கு ரன்னிங் இன் கிடையாது, நல்லா இருந்தா முதல் சுத்திலேயே நல்லா இருக்கும். பெல்ட்டும் கிளட்ச் ஷூவும் தானா படிஞ்சுக்கும். உண்மையில ஒண்ணோட ஒண்ணு உரசிப் பொருந்த வேண்டியது ரிங்கும் போரும்தான்.

கல்லால தேய்ச்சு ஹோனிங் போட்ட போரை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா குறுக்கும் நெடுக்குமா கோடு தெரியும். மேடும் பள்ளமுமா இருக்கற பரப்பு அது. முதல் கொஞ்ச கிலோமீட்டர்ல ரிங் அந்த மேடுகளோட முனையை மட்டும் சீவி எடுக்கணும், பள்ளத்துல ஆயில் தங்கணும். அவ்வளவுதான் ரன்னிங் இன்.

இப்போ கேள்வி: ரிங்கை போர் பக்கம் அழுத்தறது எது? ரிங்கோட சொந்த ஸ்பிரிங் அழுத்தம் ரொம்பக் கம்மி. பெட்ரோல் எரியும்போது வர்ற கேஸ், மேல் ரிங்குக்கும் அது உட்கார்ந்திருக்கற பள்ளத்துக்கும் நடுவுல இருக்கற சந்துல புகுந்து, ரிங்குக்குப் பின்னாடி போய், அதை வெளிய தள்ளுது. ஆக்சிலேட்டரைத் திறந்தா அந்த அழுத்தம் ஏறும், மூடினா இறங்கும். அதனால:

ஐடில்ல ரெண்டு மணி நேரம் ஓட விடறது இருக்கறதுலயே மோசமான யோசனை. ரிங்கை அழுத்த கேஸ் போதாது. போர்ல ஆயில் மட்டும் தெறிச்சுட்டே இருக்கும். ரிங் வழிக்காத ஆயில் சூட்டுல வெந்து, போர் மேல கண்ணாடி மாதிரி ஒரு படலமாயிடும். கிளேஸிங்னு சொல்றது இதைத்தான். அதுக்கப்புறம் ரிங் அது மேல வழுக்கிட்டே இருக்கும், எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் உட்காராது. திரும்பப் பிரிச்சு, ஹோன் போட்டு, புது ரிங் போடறதைத் தவிர வழி கிடையாது.

அதுக்காக எடுத்ததுமே முழுசா முறுக்கி அப்படியே பிடிச்சுட்டுப் போறதும் வேண்டாம். அலுமினிய பிஸ்டன், வார்ப்பிரும்பு போரை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். உரசல் அதிகமா இருக்கற புது இன்ஜின்ல சூடு வேகமா ஏறினா, பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல விட்ட இடைவெளி காணாமப் போயிடும். பழையசக்கரம் அண்ணன் பயப்படறது அதுக்குத்தான், அந்த பயம் நியாயமானதுதான்.

ஆக, முறுக்கணும், ஆனா சின்னச் சின்னதா. நடுநடுவுல ஆற விடணும்.

#4 மைக்ரான்

லேத் வேலை என் தொழில். ஓட்டுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கேள்வி கேட்டவரிடம் மூன்று விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹோனிங்குக்குப் பிறகு போரை எதை வைத்துக் கழுவினீர்கள்? ரிங்கின் வாய், அதாவது அதன் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளந்தீர்களா? பிஸ்டன் தலையிலுள்ள ‘இன்’ (IN, உள்ளிழுக்கும் பக்கம்) குறி எந்தப் பக்கம் இருக்கிறது?

#5 கடைசிவரிசை

‘இன்’ குறி கார்புரேட்டர் பக்கம்தான் இருக்கிறது, அது நிச்சயம். ரீபோர் போட்ட இடத்திலேயே கழுவித் தந்துவிட்டதாகச் சொன்னார்கள், பெட்ரோலில் என்று நினைக்கிறேன். ரிங் இடைவெளி அளக்கவில்லை. செட்டாக வந்த ரிங் சரியாகத்தானே இருக்கும்?

#6 மைக்ரான்

அப்படியானால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சிலிண்டரை மறுபடி இறக்குங்கள். எரிச்சலாக இருக்கும், தெரியும். இப்போது செலவு ஒரு பேக்கிங் செட்டும் அரை நாளும்தான்.

ஹோன் கல்லிலிருந்து உதிரும் துகள், போரின் கோடுகளுக்குள் சிக்கிக்கொள்ளும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றினால் எண்ணெய்ப் பிசுக்கு போகும், துகள் அங்கேயே இருக்கும். காய்ந்ததும் போர் பளிச்சென்று தெரிவதால் சுத்தமாகிவிட்டதாக நம்பிவிடுவோம். சூடான சோப்புத் தண்ணீரும் கடினமான பிரஷ்ஷும் வேண்டும். நன்றாகத் தேய்த்து, அலசி, உடனே துடைத்து, இன்ஜின் ஆயில் தடவிய வெள்ளைத் துணியால் போரைச் சுற்றித் துடையுங்கள். துணி சாம்பல் நிறமாக வந்தால் மறுபடி சோப்பு. வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை விடக்கூடாது. உடனே ஆயில் பூசிவிடுங்கள், வார்ப்பிரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருவேறும். பிஸ்டனையும் ரிங்கையும் கழற்றித் துடைத்துவிடுங்கள். முக்கியமாக, கிராங்க் கேஸின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு வேலை பாருங்கள்.

ரிங் செட்டாக வந்தாலும் அளக்க வேண்டும். போர் போட்ட அளவில் நூலிழை வித்தியாசம் இருந்தாலும் வாய் இடைவெளி மாறும். ரிங்கைத் தனியாகப் போருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளிவிட்டு, ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) பாருங்கள். 50 மி.மீ. அளவுள்ள போருக்கு 0.15 முதல் 0.25 மி.மீ. வரை என்பது பொதுவாகக் காணும் அளவு. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி. இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டும். முட்டினால் ரிங் உடையும் அல்லது போரைக் கீறும். அப்போது நீங்கள் 40-இல் போனீர்களா 80-இல் போனீர்களா என்பதற்கு அர்த்தமே இல்லை.

ரிங்கின் எழுத்துக் குறி மேலே பார்க்க வேண்டும், வாய்கள் 120 பாகை தள்ளித் தள்ளி வரவேண்டும். பிஸ்டன் பின் லாக்கின் வாய், பிஸ்டனில் உள்ள வெட்டுக்கு நேராக வரக்கூடாது.

ரன்னிங் இன் சரியில்லாமல் கெட்டது என்று என்னிடம் வருகிற சிலிண்டர்களில் பெரும்பாலானவற்றை நான் பார்த்தவரை ஓட்டியவர் கெடுக்கவில்லை. மாட்டும்போதே கெட்டவை.

#7 பழையசக்கரம்

லேத்காரர் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா ஸ்பானர்செட் தம்பி, நாங்க 40-ல ஓட்டி நல்லா வந்த வண்டியெல்லாம் பொய்யா?

#8 ஸ்பானர்செட்

பொய் இல்லண்ணா. நீங்க ஓட்டினது பெரும்பாலும் கியர் வண்டி இல்லையா? ரெண்டாவது கியர், மூணாவது கியர்ல 40 போகும்போது கியர் மாத்தறது, ஏத்தம் ஏறறது, நின்னு கிளம்பறதுன்னு இன்ஜினுக்கு லோடு மாறிட்டே இருந்திருக்கும். ரிங் தன்னால உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்து போர் வேலையும் ஆயிலும் இப்போ இருக்கற மாதிரி இல்லை, அதனால நாள் கூடுதலாவும் தேவைப்பட்டுச்சு.

இவர் வண்டி பெல்ட் வண்டி. இதுல வேகத்துக்கும் ஆர்பிஎம்முக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நின்ன இடத்துல இருந்து முழுசா முறுக்கினா, வண்டி 20-ல இருக்கும்போதே இன்ஜின் நல்ல ஆர்பிஎம்ல கத்திட்டு இருக்கும், பெல்ட் ஓடற புல்லியான வேரியேட்டர் அதை அங்கேயே பிடிச்சு வச்சுக்கிட்டு வேகத்தை மட்டும் ஏத்தும். அதே வண்டி சமதளத்துல 40-லயே நிதானமாப் போனா ஆக்சிலேட்டர் லேசாத்தான் திறந்திருக்கும். லோடே கிடையாது. அதாவது ‘40-ஐத் தாண்டாதே’ங்கற விதியை ஒழுங்காக் கடைப்பிடிச்சுக்கிட்டே சிக்னலுக்கு சிக்னல் இன்ஜினைக் கொல்லவும் முடியும், இல்லைன்னா ரிங்குக்கு வேலையே தராம ஊர்ந்துட்டே இருக்கவும் முடியும். பெல்ட் வண்டிக்காரங்க ஸ்பீடோமீட்டரைப் பாக்கக்கூடாது, கை எவ்வளவு முறுக்கியிருக்குன்னு பாக்கணும்.

#9 கடைசிவரிசை

சிலிண்டரை இறக்கிவிட்டேன். மைக்ரான் அவர்களே, வெள்ளைத் துணி கன்னங்கரேல் என்று வந்தது. பெட்ரோலில் கழுவியபின் பார்த்தபோது போர் பளபளவென்றுதான் இருந்தது! நான்கைந்து முறை சோப்புப் போட்ட பிறகுதான் துணி வெள்ளையாக நின்றது. மேல் ரிங் இடைவெளி மேனுவல் அளவுக்குள் இருக்கிறது. இரண்டாவது ரிங் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அதை லேத்தில் கொடுத்துச் சரிசெய்தாயிற்று.

நாளை மாட்டுகிறேன். முதல் ஸ்டார்ட்டிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள்.

#10 ஸ்பானர்செட்

மாட்டும்போது ஹெட் நட்டை குறுக்குக்குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா, டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்குங்க. வால்வை அழுத்தற டேப்பெட்டோட இடைவெளியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வையுங்க. ஃபேன் கவரும் சிலிண்டரைச் சுத்தி வர்ற மூடியும் மாட்டாம ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. ‘சும்மா ஒரு தடவை சத்தம் கேட்டுப் பாப்போம்’னு திறந்த இன்ஜினை ஓட விடறவங்க நிறைய. காத்து ஃபின் வழியா போகணும்னா அந்த மூடி இருக்கணும், இல்லைன்னா ஃபேன் சுத்தறது வீண்.

கிக் பண்றதுக்கு முன்னாடி பிளக்கைக் கழட்டி, கேப்போட சேர்த்து பிளக் ஓட்டையிலிருந்து விலக்கி இன்ஜின் இரும்புல படற மாதிரி வச்சுட்டு, கிக்கரை நிறைய தடவை மெதுவா மிதிங்க. ஆயில் மேல கேம் வரைக்கும் ஏறட்டும். அப்புறம் பிளக் மாட்டி ஸ்டார்ட். ரெண்டு மூணு நிமிஷம், ஆயில் கசியுதான்னு பாக்கற நேரம், அவ்வளவு போதும். புகை வரும். மாட்டும்போது தடவின ஆயில் அது, பயப்படாதீங்க. கையோட வண்டியை எடுத்துட்டுக் கிளம்புங்க. காலியா இருக்கற ரோடாப் பாத்து வச்சுக்கங்க.

முதல் 15, 20 கிலோமீட்டர்: மெதுவா ஓட்டி இன்ஜின் சூடான பிறகு, 20-லிருந்து 45, 50 வரைக்கும் பாதி ஆக்சிலேட்டர்ல ஏத்துங்க. உடனே கையை முழுசா விட்டு, வேகம் தானா இறங்கட்டும். திரும்ப ஏத்துங்க. கையை விடும்போது போர்ல வெற்றிடம் உண்டாகி ஆயில் ரிங் பக்கம் ஏறும். உரசின சூடும் தணியும், சீவின தூளும் கழுவிட்டுப் போகும். திரும்ப வந்து, கை வச்சா சுடாத அளவுக்கு ஆற விடுங்க. இந்த மாதிரி சூடாறதும் ஆறறதும் நாலஞ்சு தடவை நடக்கட்டும்.

50 கிலோமீட்டர் பக்கம் ஆயிலை சூடா இருக்கும்போதே இறக்குங்க, ஆயிலை வடிகட்டற ஜாலியையும் கழட்டிக் கழுவுங்க. ரிங் சீவின இரும்பு எல்லாம் அதுலதான் இருக்கும். அப்புறம் 100 வரைக்கும் முக்கால் முறுக்கு, சுருக்கமா. 100-லிருந்து 500 வரைக்கும் சாதாரணமா ஓட்டுங்க. ஒரே வேகத்துல ரொம்ப நேரம் பிடிச்சுட்டுப் போகாதீங்க, ரெண்டு பேரோட செங்குத்தா ஏத்தம் ஏறாதீங்க. இடையில எப்போவாவது சில விநாடி முழுசா முறுக்கினா ஒண்ணும் ஆகாது. 500-ல திரும்ப ஆயில் மாத்தினா வேலை முடிஞ்சது.

ஆயில்: மேனுவல்ல போட்டிருக்கற கிரேடுல சாதாரண மினரல் ஆயில். 50 கிலோமீட்டர்ல கீழ ஊத்தப் போற ஆயிலுக்கு சிந்தெடிக் எதுக்கு? சிந்தெடிக் போட்டா ரிங் உட்காரவே உட்காராதுன்னு சொல்றதை நான் நம்பலை, தொழிற்சாலையிலிருந்தே சிந்தெடிக்கோட வர்ற இன்ஜின் இருக்கு. ஆனா ரன்னிங் இன்னுக்குன்னு அதை வாங்கறது வீண் செலவு. உங்களுது ஆயில்ல நனையாத டிரை கிளட்ச், அதனால ஜாசோ எம்பி (JASO MB) தரம் போட்ட ஆயிலே போதும்.

#11 புகைமண்டலம்

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கவும். நம்மது கியர் வச்ச டூ ஸ்ட்ரோக், வார்ப்பிரும்பு சிலிண்டர். ரீபோர் போட்டு புது பிஸ்டன் மாட்டப் போறேன். இதே முறைதானா? ரன்னிங் இன்னுக்கு பெட்ரோலோட கலக்கற 2டி ஆயிலை ரெண்டு பங்கா ஊத்தச் சொல்றாங்களே, சரியா?

#12 பழையசக்கரம்

வாங்க வாங்க, இது நம்ம ஏரியா.

டூ ஸ்ட்ரோக்ல ஆயில் தனியா தங்கி இருக்காது, பெட்ரோலோடயே வந்து பெட்ரோலோடயே போயிடும். அதனால 50 கிலோமீட்டர்ல ஆயில் மாத்தற பேச்சே இல்லை, தூளெல்லாம் சைலன்சர் வழியா போயிடும். கியர் ஆயில் வேற கணக்கு. ஆனா பிடிச்சுக்கற ஆபத்து இதுலதான் அதிகம். 

ஆயில் விஷயம்: வழக்கமா 2 சதவீதம்னா, அதாவது 50-க்கு 1, ரன்னிங் இன் டேங்குக்கு 3 சதவீதம் போதும். ரெண்டு பங்குன்னு தாராளமா ஊத்தினா பிளக் கருப்படிக்கும், போர்ட்ல, அதாவது சிலிண்டர் சுவர்ல இருக்கற ஓட்டையில, கரி கட்டும். இன்னொண்ணு பலபேருக்குத் தெரியாது: கார்புரேட்டர் ஜெட் வழியா போறதுல ஆயில் பங்கு ஏறினா பெட்ரோல் பங்கு குறையும், கலவை ஒரு பொடி லீன் ஆகும். சின்ன வித்தியாசம்தான். ஆனா ஜெட் ஏற்கெனவே விளிம்புல இருந்தா அதுவே போதும். ஆயில் பம்பு வச்ச வண்டின்னா, முதல் டேங்குல மட்டும் பெட்ரோல்லயும் கொஞ்சம் கலந்துக்கங்க. பம்புல காத்து அடைச்சிருந்தாலும் அது காப்பாத்தும்.

மாட்டறதுக்கு முன்னாடி கிராங்க் ஆயில் சீலையும் மேனிஃபோல்டு பேக்கிங்கையும் பாருங்க. அங்க காத்து இழுத்தா கலவை லீன் ஆகி, நீங்க எவ்வளவு மெதுவா ஓட்டினாலும் பிடிச்சுக்கும். ஐடில் தானா ஏறி இறங்குதுன்னா சந்தேகப்படுங்க.

அப்புறம் இறக்கம். நீளமான இறக்கத்துல கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டரை மூடிட்டு இறங்காதீங்க. இன்ஜின் வேகமா சுத்திட்டு இருக்கும், பெட்ரோல் மூடியாச்சு, அதோட ஆயிலும் போச்சு. கிளட்சைப் பிடிங்க, இல்லைன்னா நடுநடுவுல ஒரு முறுக்கு கொடுங்க. ஃபோர் ஸ்ட்ரோக்காரங்களுக்கு மேல சொன்ன ‘கையை விட்டு இறங்கு’ இங்க நீளமாப் பண்ணக்கூடாது.

ஓட்டும்போது சத்தம் அடங்கற மாதிரி, இழுவை குறையற மாதிரி தெரிஞ்சா அந்த நொடியே கிளட்சைப் பிடிங்க. கை எப்பவும் கிளட்ச் மேலயே இருக்கட்டும்.

#13 மைக்ரான்

பழையசக்கரம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிடித்துக்கொண்ட பிஸ்டனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் காரணம் எழுதியிருக்கும். நான்கு மூலையிலும் செங்குத்தான கீறல் இருந்தால், இன்ஜின் சூடாகும் முன்பே முறுக்கியிருக்கிறார்கள் அல்லது இடைவெளி குறைவாகப் போர் போட்டிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறியிருந்தால் லீன் கலவையால் அதிகச் சூடு என்பதுதான் முதல் சந்தேகம். டூ ஸ்ட்ரோக் போரில் போர்ட்களின் விளிம்பையும் லேசாக மழுக்கச் சொல்லுங்கள். ரீபோருக்குப் பிறகு கத்தி முனையாக நிற்கும், ரிங் அதில் மாட்டும்.

நிக்கசில் பூச்சு போட்ட அலுமினிய சிலிண்டர் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு ரீபோர் கேட்டு வராதீர்கள். அதை ரீபோர் போட முடியாது, பூச்சுதான் மறுபடி போட வேண்டும்.

#14 கடைசிவரிசை

ஓட்டியாயிற்று. ஸ்பானர்செட் சொன்னபடியே செய்தேன். 50 கிலோமீட்டரில் இறக்கிய ஆயிலில் வெள்ளி மினுமினுப்பு. வெயிலில் பார்த்தால் பெயின்ட் மாதிரி இருக்கிறது. இரண்டு சந்தேகம். இன்னும் லேசாக நீலப் புகை வருகிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம், சூடானதும் போய்விடுகிறது.

#15 ஸ்பானர்செட்

மினுமினுப்பு சரிதான், அதுக்குத்தான் மாத்தச் சொன்னோம். விரல்ல தேய்ச்சா நெருடாத அளவுக்குப் பொடியா இருக்கணும். ஜாலியில சில்லு சில்லா ஏதாவது கிடைச்சா மட்டும் கவலைப்படுங்க. 500-ல இறக்கும்போது இந்த மினுமினுப்பு பெரும்பாலும் காணாமப் போயிருக்கணும்.

புகை எப்போ வருதுன்னு சொல்லுங்க. ரொம்ப நேரம் ஐடில்ல நின்னுட்டு முறுக்கும்போது மட்டும் குப்புன்னு வந்தா வால்வு சீல், கைடு பக்கம் பாக்கணும். லோடுல ஏறும்போது விடாம வந்தா ரிங். இது எதுவும் இல்லாம சும்மா கொஞ்ச நேரம் வந்துட்டு நின்னா, பழைய சைலன்சர்! இத்தனை நாள் ஆயில் குடிச்ச வண்டி, சைலன்சருக்குள்ள ஊறிப் போயிருக்கும். சூடாகச் சூடாக அது எரிஞ்சு தீரும். இன்ஜினைப் பிரிச்சவங்க சைலன்சரை மறந்துட்டு, ரிங் சரியில்லைன்னு திரும்பப் பிரிக்கறது சகஜமா நடக்கற கூத்து.

சத்தத்துக்கு மைக்ரான் சொல்வார்.

#16 மைக்ரான்

குளிரில் வந்து சூட்டில் போகும் சத்தம் பெரும்பாலும் பிஸ்டனின் ஆட்டம். மேனுவல் அளவுக்குள் இடைவெளி இருந்தால் அது குற்றமில்லை. மேலே ஹெட் பக்கம் ‘டிக் டிக்’ என்று சூடானாலும் வந்தால் டேப்பெட். வால்வு லேப்பிங் செய்திருப்பதால் வால்வு சீட்டில் இன்னும் கொஞ்சம் அமரும், அமரும்போது டேப்பெட் இடைவெளி குறையும். ஆகவே உங்களுக்குச் சத்தம் கூடுவதை விட, சத்தமே இல்லாமல் இடைவெளி இறுகிப்போவதுதான் ஆபத்து. இறுகினால் வால்வு முழுதாக மூடாமல் கருகும். 500-இல் ஆயில் மாற்றும்போது, இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, ஹெட் நட்டின் இறுக்கத்தையும் அதன் பிறகு டேப்பெட்டையும் பாருங்கள். அந்த வரிசையில்.

#17 கடைசிவரிசை

புகை லோடில் இல்லை. கிளம்பிக் கொஞ்ச நேரம் மட்டும் வந்து நின்றுவிடுகிறது, நாளுக்கு நாள் குறைகிறது. சைலன்சர்தான் போல. ஆயில் அளவும் இறங்கவில்லை. இனி கம்ப்ரெஷன் பார்க்க வேண்டுமா?

#18 ஸ்பானர்செட்

ஆயில் இறங்கலை, லோடுல புகை இல்லைன்னா இப்போ தேவையில்லை. 500-ல கம்ப்ரெஷன் கேஜ் கிடைச்சா ஒரு தடவை பாத்து எழுதி வச்சுக்கங்க, பின்னாடி ஒப்பிட உதவும். ஆக்சிலேட்டரை முழுசாத் திறந்து வச்சுட்டு, முள் மேல ஏறாம நிக்கற வரைக்கும் கிக்கரை மிதிங்க. குறைவா வந்தா பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்பப் பாருங்க. அளவு ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு இல்ல ஹெட் பேக்கிங்.

#19 புகைமண்டலம்

எல்லாருக்கும் நன்றி. சிலிண்டரை வாங்கிட்டு வந்தாச்சு, ‘கழுவியாச்சு’ன்னுதான் கொடுத்தாங்க. சோப்பும் வெள்ளைத் துணியும் எடுத்து வச்சிருக்கேன். போர்ட் விளிம்பு விரல்ல வெட்டற மாதிரி இருக்கு, எதுல மழுக்கறது?

#20 மைக்ரான்

நயமான எண்ணெய்க் கல் அல்லது 400 எமரி தாள். விளிம்பை மட்டும் தொடுங்கள், போரின் உட்பரப்பில் படக்கூடாது. அதை முடித்த பிறகு சோப்பு, முன்னால் இல்லை.